இருட்டில் நின்று எழுதியவர்: வால்டர் கிப்சனின் இரண்டு தொழில்கள்

பாலத்தின் மேல் மூடுபனி அடர்ந்து கிடக்கிறது. வாழ்க்கை வெறுத்துப்போன ஓர் இளைஞன் கீழே ஓடும் ஆற்றில் விழுந்து உயிரை விட முனைகிறான். அந்த நொடியில் பின்னாலிருந்து ஒரு கை அவன் தோளை இறுகப் பற்றி இழுத்துவிடுகிறது. இழுத்தவரின் முகம் அவனுக்குத் தெரியவில்லை. கறுப்பு மேலங்கியும் அகன்ற விளிம்புத் தொப்பியும் மட்டும் தெரிகின்றன. காப்பாற்றப்பட்ட அந்த உயிர் இனித் தனக்குரியது, அதைப் பயனுள்ளதாக்குவதும் ஆபத்தில் இறக்குவதும் தன் விருப்பம் என்று அந்த உருவம் அறிவிக்கிறது. 1931 ஏப்ரல் தேதியிட்டு நியூயார்க்கில் வெளிவந்த 'தி ஷேடோ' இதழின் முதல் நாவல் இப்படித்தான் தொடங்குகிறது. ஷேடோ என்றால் நிழல். ஆசிரியர் பெயர் மேக்ஸ்வெல் கிராண்ட் என்று அச்சிட்டிருந்தார்கள். அந்தப் பெயரில் ஒரு மனிதர் இல்லை. எழுதியவர் வால்டர் பி. கிப்சன் என்ற 33 வயதுப் பிலடெல்பியா பத்திரிகைக்காரர். அவர் மேஜிக் கற்றவர். அந்நாளைய அமெரிக்காவின் பெரிய மேஜிக் நிபுணர்கள் பலருக்கும் நண்பர். அவர்களுடைய பெயரில் புத்தகங்கள் எழுதிக்கொடுத்தவர்.

கிப்சனைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அவர் எழுதிக் குவித்த அளவைச் சொல்லி வியந்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். மேஜிக் என்பது அவருடைய பொழுதுபோக்கு, எழுத்துதான் தொழில் என்று பிரித்துப் பார்க்கும் வழக்கமும் உண்டு. அந்தப் பிரிவினை தவறு என்பது என் கருத்து. அவருடைய கதைகள் கட்டப்பட்டிருக்கும் விதத்தைக் கவனித்துப் படித்தால், மேடை வித்தையின் விதிகள்தான் அவற்றின் இலக்கணமாக இருக்கின்றன என்பது தெளிவாகத் தெரியும்.

முதலில் அந்தச் சந்தையைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். மலிவான மரக்கூழ்த் தாளில், விளிம்பு வெட்டிச் சீர்செய்யாமல், கண்ணைப் பறிக்கும் வண்ண அட்டையோடு விற்பனைக்கு வந்த கதை இதழ்களை அமெரிக்கர்கள் 'பல்ப்' என்றார்கள். பல்ப் என்ற சொல்லே கூழைத்தான் குறிக்கிறது. நாம் சாணித்தாள் என்று சொல்லும் ரகம் அது. பேருந்து நிலையக் கடைகளில் மாத நாவல்கள் வாங்கிப் படித்துப் பழகிய தமிழ் வாசகருக்கு அந்த உலகத்தின் வாசனை அந்நியமாக இருக்காது. 'தி ஷேடோ'வின் விலை 10 சென்ட். பெருமந்தத்தால் வேலையிழப்பு பெருகிக்கொண்டிருந்த நாட்டில், ஒரு முழு நாவலும் சில சிறுகதைகளும் அந்த விலைக்குக் கிடைத்தன.

அந்த இதழ் பிறந்ததற்குக் காரணம் வானொலி. ஸ்ட்ரீட் அண்ட் ஸ்மித் என்ற பழம்பெரும் பதிப்பகம், தன்னுடைய துப்பறியும் கதை இதழுக்கு விளம்பரமாக 1930 ஜூலை 31 முதல் ஒரு வானொலி நிகழ்ச்சியை நடத்தியது. கதையை அறிமுகப்படுத்தும் குரலுக்கு மர்மம் கூட்ட வேண்டுமென்று 'ஷேடோ' என்று பெயர் வைத்தார்கள். எதிர்பாராத விதமாக, கேட்டவர்கள் கதைகளை விட்டுவிட்டு அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டார்கள். பத்திரிகைக் கடைகளுக்குப் போய், விளம்பரம் செய்யப்பட்ட இதழைக் கேட்காமல், ஷேடோ வரும் இதழைக் கேட்டார்கள். அப்படி ஓர் இதழே அப்போது இல்லை. வேறு யாரும் அந்தப் பெயரை எடுத்துக்கொள்வதற்கு முன் தாங்களே அச்சில் கொண்டுவந்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் பதிப்பகம் ஓர் எழுத்தாளரைத் தேடியது. ஆசிரியர் ஃபிராங்க் பிளாக்வெல்லின் கண்ணில் பட்டவர் கிப்சன். கையில் இருந்தது ஒரு பெயரும் ஒரு குரலும் மட்டுமே. ஆளையும் கதையையும் அவர்தான் உண்டாக்க வேண்டியிருந்தது.

முதல் இதழுக்குப் புதிய அட்டைப்படம் வரைய வைக்காமல், பதிப்பகம் பழைய இருப்பிலிருந்து ஒன்றை எடுத்தது. அதில் ஒரு சீன மனிதரின் உருவம் இருந்தது. கிப்சனின் கதையிலோ சீனர் யாரும் வரவில்லை. அவர் சைனாடவுனில் நடக்கும் ஒரு பகுதியை எழுதிக் கதைக்குள் சேர்த்து, அட்டைக்கும் நாவலுக்கும் பொருத்தம் உண்டாக்கிவிட்டார். பார்வையாளர் கொடுக்கும் எந்தப் பொருளையும் தன் வித்தைக்கு முன்பே தேவைப்பட்டதுபோல வாங்கிக்கொள்ளும் மேடைக்காரரின் சமயோசிதம் இது.

கிப்சன் 1897 செப்டம்பர் 12 அன்று பிலடெல்பியாவின் ஜெர்மன்டவுன் பகுதியில் பிறந்தார். கோல்கேட் பல்கலைக்கழகத்தில் 1920இல் பட்டம் பெற்றுவிட்டு ஊர்ப் பத்திரிகைகளில் நிருபரானார். செய்தி எழுதியதோடு புதிர்கள், எளிய மேஜிக் தந்திரங்கள், மூளைக்கு வேலை தரும் கணக்குகள் ஆகியவற்றைத் தொடர் பத்தியாகவும் எழுதினார். 1927இல் திருவிழாச் சூதாட்டக் கடைகளில் நடக்கும் ஏமாற்றுகளை அம்பலப்படுத்தி ஒரு புத்தகம் கொண்டுவந்தார். வித்தைக்காரரும் மோசடிக்காரரும் கையாளும் உத்திகள் பல ஒன்றுதான் என்பதை அவர் நன்றாக அறிந்திருந்தார். ஏமாற்றப் போகிறேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு ஏமாற்றுகிறவர் வித்தைக்காரர், மற்றவர் சொல்வதில்லை. பின்னாளில் அவர் படைத்த வில்லன்களையும் நாயகனையும் பிரிக்கும் கோடு ஏறக்குறைய இதே இடத்தில்தான் விழுகிறது.

இந்தக் காலத்தில் அவருக்கு இன்னொரு வேலையும் அமைந்தது. ஹோவர்ட் தர்ஸ்டன், ஹாரி பிளாக்ஸ்டோன், ஜோசப் டன்னிஞ்சர், ஹூடினி ஆகியோர் மேடையில் வல்லவர்கள். வாசகருக்குப் புரியும்படி ஒரு தந்திரத்தை எழுத்தில் விளக்குவது வேறு திறமை. அதைக் கிப்சன் அவர்களுக்காகச் செய்துகொடுத்தார். தர்ஸ்டன் பெயரில் 1926இல் வெளியான இருநூறு தந்திரங்கள் கொண்ட புத்தகமும் அதைத் தொடர்ந்து வந்த இன்னோர் இருநூறும் கிப்சனின் கைவண்ணமே. ஹூடினி 1926 அக்டோபர் 31 அன்று இறந்த பிறகு, அவர் விட்டுச்சென்ற குறிப்பேடுகளை ஆராயும் பொறுப்பு கிப்சனிடம் வந்தது. பூட்டிய பெட்டிகள், கைவிலங்குகள், நீர்த்தொட்டிகள் ஆகியவற்றிலிருந்து வெளியேறுவதற்கான வழிமுறைகளை ஹூடினி தன் உபயோகத்துக்காக எழுதி வைத்திருந்தார். அவற்றை ஒழுங்குபடுத்தி 1930இலும் 1932இலும் இரண்டு நூல்களாக்கினார் கிப்சன். முதல் நூல் வெளியான மறு ஆண்டு ஷேடோ பிறந்தான் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், கொலைகாரர்கள் பூட்டிப்போடும் அறைகளிலிருந்து அவன் தப்பும் காட்சிகளில் ஏன் அத்தனை நுணுக்கம் இருக்கிறது என்பது விளங்கும்.

மேக்ஸ்வெல் கிராண்ட் என்ற பெயரும் மேஜிக் உலகத்திலிருந்து வந்ததுதான். மேக்ஸ்வெல் ஹோல்டன், யூ. எஃப். கிராண்ட் என்ற இருவர் மேஜிக் சாமான்கள் விற்பவர்கள். இருவருடைய பெயரிலிருந்தும் ஒவ்வொரு பாதியை எடுத்து ஒட்டினார் கிப்சன். பெயரின் உரிமை பதிப்பகத்துக்கே இருந்தது. யார் எழுதினாலும் அதே பெயரில் வெளியிடலாம் என்பது ஏற்பாடு.

இனி வித்தைக்கு வருவோம். மேடை மேஜிக்கில் 'பிளாக் ஆர்ட்' என்று ஒரு முறை உண்டு. 1880களில் ஜெர்மனியைச் சேர்ந்த மேக்ஸ் ஆட்ஸிங்கர் அதைப் புகழ்பெறச் செய்தார். மேடையின் பின்புறம், பக்கங்கள், தரை எல்லாவற்றையும் கறுப்பு வெல்வெட்டால் மூடிவிடுவார்கள். மேடையின் முன் விளிம்பில் பார்வையாளர் பக்கம் திரும்பிய விளக்குகள் எரியும். அவை கண்ணைச் சற்றுக் கூசவைக்கும். பின்னால் உள்ள வெல்வெட்டோ ஒளியைத் திருப்பி அனுப்பாமல் விழுங்கிவிடும். தலை முதல் கால்வரை கறுப்பு வெல்வெட் போர்த்திய ஓர் உதவியாளர் அந்த மேடையில் நடமாடினாலும் யார் கண்ணுக்கும் தெரிய மாட்டார். அவர் ஒரு வெள்ளை நாற்காலியின் மேலிருந்து கறுப்புத் துணியை உருவினால் நாற்காலி வெறும் காற்றிலிருந்து தோன்றியதாகத் தெரியும். தூக்கிப் பிடித்தால் அது மிதக்கும். கண்கட்டு வித்தை என்று நம் மொழி சொல்வது இதற்கு அப்படியே பொருந்துகிறது.

ஷேடோவின் உடுப்பு இந்த உதவியாளரின் உடுப்புத்தான். கிப்சனின் நாவல்களில் அவனுக்கு மாயசக்தி எதுவும் கிடையாது. கறுப்பு மேலங்கியோடு இருண்ட மூலையில் அசையாமல் நிற்பான்; விளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்து சதி பேசுகிறவர்களுக்கு அவன் தெரிய மாட்டான். வெளிச்சம் எங்கிருந்து வருகிறது, எதன் நிழல் எங்கே விழுகிறது, சன்னல் திறந்தால் என்ன மாறுகிறது என்பதையெல்லாம் கிப்சன் ஒரு மேடை அமைப்பாளரின் கவனத்தோடு எழுதுகிறார். தரையில் நீளும் ஒரு கறுப்புத் திட்டு மெல்ல நகர்வதை மட்டும் வாசகருக்குக் காட்டிவிட்டு, அதற்குரிய உடலைக் காட்டாமல் விடுவது அவருக்குப் பிடித்த உத்தி.

இதைவிட முக்கியமான ஒன்று, கதையை யார் கண் வழியாகச் சொல்வது என்பதில் அவர் எடுத்த முடிவு. பாலத்தில் காப்பாற்றப்பட்ட ஹாரி வின்சென்ட் முதல் நாவலிலேயே ஷேடோவின் ஆளாகிறான். பிறகு செய்தித் தொடர்பைக் கவனிக்கும் பர்பேங்க், பத்திரிகை நிருபர் கிளைட் பர்க், டாக்ஸி ஓட்டும் மோ ஷ்ரெவ்னிட்ஸ் என்று ஒரு கூட்டமே சேர்கிறது. இவர்களில் பெரும்பாலோருக்குத் தங்கள் தலைவர் உண்மையில் யார் என்பது தெரியாது. உத்தரவு வரும்; சொன்ன இடத்தில் சொன்ன நேரத்தில் நிற்பார்கள். கதை பெரும்பாலும் இவர்களின் அனுபவமாகவோ குற்றவாளிகளின் அனுபவமாகவோ நகர்கிறது. நாயகனின் மனத்துக்குள் வாசகர் நுழையவே முடியாது. அவன் செய்து முடித்ததைப் பார்க்கலாம். எப்படித் திட்டமிட்டான் என்பது கடைசியில்தான் தெரியும். அரங்கின் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்கு வித்தைக்காரர் தரும் பார்வை இதுவே. கூட்டத்தில் ஒருவராகக் கலந்து உட்கார்ந்து ரகசியமாக உதவும் கையாட்களும் மேஜிக்கில் உண்டு. ஷேடோவின் ஆட்கள் அவர்களை அச்சில் வார்த்ததுபோல் இருக்கிறார்கள்.

ஆள்மாறாட்டத்தையும் அவர் வித்தையாகவே கையாண்டார். லாமான்ட் கிரான்ஸ்டன் என்ற செல்வந்தர்தான் ஷேடோ என்று வாசகர் முடிவு கட்டியிருந்த வேளையில், உண்மையான கிரான்ஸ்டன் வேறொருவர் என்பதையும், அவர் ஊரில் இல்லாதபோது ஷேடோ அவர் உருவத்தை இரவல் வாங்கிக்கொள்கிறான் என்பதையும் 1931லேயே ஒரு நாவலில் வெளிப்படுத்தினார். ஷேடோவின் சொந்தப் பெயர் கென்ட் அல்லார்ட், அவன் ஒரு விமானி என்ற விவரத்தை 1937வரை அடக்கி வைத்திருந்தார். காற்றுப் பட்டதும் எழுத்து மறைந்துபோகும் மையில் எழுதிய கடிதங்கள், விரல்களைச் சொடுக்கினால் தீப்பொறியோடு வெடிக்கும் ரசாயனப் பூச்சு, பார்வையைத் தன்பக்கம் இழுத்துப் பிடிக்கும் மோதிரக் கல் என்று நாவல்களில் வரும் சாமான்களுக்கும் மேஜிக் பெட்டிக்கும் உள்ள உறவை விளக்க வேண்டியதில்லை. செப்படி வித்தைக்காரர் ஒரு கையை ஆட்டுவது மற்றக் கையை நாம் பார்க்காமலிருக்கத்தான்.

இதழ் முதலில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருவதாக இருந்தது. விற்பனை ஏறியதும் மாத இதழாகி, 1932 அக்டோபர் முதல் மாதம் இருமுறையானது. ஆண்டுக்கு 24 நாவல்கள் என்று ஒப்பந்தம். கிப்சன் அந்த ஆண்டில் 28 எழுதி முடித்தார். ஒன்றுக்குச் சுமார் 60,000 சொற்கள் என்று கொண்டால் 16,80,000 சொற்கள் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமைகூட விடாமல் உட்கார்ந்தாலும் நாளொன்றுக்கு 4,600 சொற்கள் தட்டச்சு செய்திருக்க வேண்டும். வெளிவந்த 325 ஷேடோ நாவல்களில் 282 அவருடையவை. தியோடர் டின்ஸ்லி 27, புரூஸ் எலியட் 15, லெஸ்டர் டென்ட் ஒன்று எழுதினார்கள்.

இந்த வேகத்தை வெறும் உழைப்பு என்று சொல்லிவிட முடியாது. ஆசிரியர் ஜான் நானோவிக்கிடம் அத்தியாயவாரியாக விரிவான சுருக்கம் எழுதிக்கொடுத்து, அது ஏற்கப்பட்ட பிறகே நாவலைத் தொடங்குவது கிப்சனின் முறை. மேஜிக்கில் புதிய வித்தை உருவாக்குகிறவர் முதலில் பார்வையாளர் என்ன காண வேண்டும் என்பதை நிச்சயித்துக்கொண்டு, அதற்கான வழியைப் பின்னோக்கிக் கண்டுபிடிப்பார். முடிவு கையில் இருந்ததால் கிப்சன் வழியில் தடுமாறவில்லை என்றே நான் நினைக்கிறேன்.

குறைகளையும் சொல்லித்தான் ஆக வேண்டும். வாக்கியங்கள் பல இடங்களில் ஒரே அச்சில் வார்த்தவை. சிரிப்பு, மேலங்கி, எரியும் கண்கள் என்று வர்ணனைகள் நாவலுக்கு நாவல் திரும்புகின்றன. பாத்திரங்களின் உள்வாழ்க்கையில் அவருக்கு அக்கறை குறைவு. உலகத்தை வெல்லத் துடிக்கும் கீழ்த்திசை வில்லன் என்ற அக்கால இனப்பகைமை நிறைந்த அச்சை அவரும் பயன்படுத்தினார். ஷிவான் கான் என்ற பாத்திரம் அதற்கு உதாரணம். அந்தக் கதைகளை இன்று படிக்கும் ஆசிய வாசகருக்கு மனம் கசக்கும். கசப்பதில் நியாயமும் இருக்கிறது.

1937 செப்டம்பரில் ஷேடோவை நாயகனாகக் கொண்ட வானொலி நாடகம் தொடங்கியது. முதல் பருவத்தில் குரல் கொடுத்தவர் ஆர்சன் வெல்ஸ். அங்கே ஷேடோ கீழ்த்திசை நாடுகளில் கற்ற வசியத்தால் மற்றவர் மனத்தை மயக்கி மறைந்துவிடுகிறான். கண்ணில்லாத ஊடகத்தில் இருட்டையும் மேலங்கியையும் காட்ட வழியில்லாததால் இந்த மாற்றம் தேவைப்பட்டிருக்கலாம். ஆனால் பரவலாக மக்கள் மனத்தில் நின்றது இந்த ஷேடோதான். கிப்சன் நுணுக்கமாகக் கட்டிய தந்திரக்காரனின் இடத்தை ஒரு மாயசக்திக்காரன் பிடித்துக்கொண்டான். மேஜிக் அறிந்தவருக்கு இதில் ஓர் இழப்பு உண்டு. மாயசக்தி இருப்பவனுக்குத் திறமை எதற்கு?

1946இல் ஒப்பந்தம் தொடர்பான கருத்து வேறுபாட்டால் கிப்சன் விலகினார். அவர் இடத்துக்கு வந்த புரூஸ் எலியட்டும் மேஜிக் நிபுணர்தான், மேஜிக் இதழ் நடத்தியவர்தான். ஆனால் அவருடைய நாவல்களில் மேலங்கி அணிந்த உருவம் அரிதாகவே வருகிறது. கிரான்ஸ்டன் சாதாரணத் துப்பறிவாளராக வெளிச்சத்தில் நடமாடுகிறார். நாயகனை வாசகரின் கண்முன் நிறுத்தியதும் அந்தக் கதைகள் மற்ற துப்பறியும் கதைகளைப் போலாகிவிட்டன. கிப்சனின் ஆற்றல் மேஜிக் தெரிந்ததில் மட்டும் இருக்கவில்லை, எதைக் காட்டக் கூடாது என்று அறிந்ததில் இருந்தது என்பதற்கு இந்த 15 நாவல்களைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. 1948இல் அவரை மீண்டும் அழைத்தார்கள். கடைசி ஐந்து நாவல்களை அவர் எழுதினார். 1949 கோடை இதழோடு பதிப்பகம் 'தி ஷேடோ'வை நிறுத்தியது.

இதற்கிடையில் 1937 முதல் வேறோர் இதழில் நார்கில் என்ற மேடை மேஜிக் நிபுணரை நாயகனாக வைத்து 23 கதைகள் எழுதியிருந்தார். தான் நெருங்கிப் பழகிய ஹூடினி, தர்ஸ்டன், பிளாக்ஸ்டோன் முதலியோரின் சாயல்களைக் கலந்து செய்த பாத்திரம் அது. லோரிங் என்ற இயற்பெயரின் எழுத்துகளை இடம் மாற்றிப் போட்டு நார்கில் என்று பெயர் வைத்தார். சுற்றுப்பயணக் குழுவின் ரயில் பயணங்கள், அரங்க வாடகைத் தகராறுகள், திரைக்குப் பின்னால் நடக்கும் அவசரங்கள் எல்லாம் இந்தக் கதைகளில் நேரில் கண்டவரின் கண்ணோடு பதிவாகியிருக்கின்றன. ஷேடோவின் நிழலில் இவை மறைந்துபோனது எனக்கு வருத்தம் தருகிறது.

ஷேடோ மீது கிப்சனுக்கு உரிமை எதுவும் இருக்கவில்லை. வானொலியும் திரைப்படமும் அவன் பெயரால் ஈட்டியது பதிப்பகத்துக்கே சேர்ந்தது. 1939இல் பேட்மேனின் முதல் கதையை எழுதிய பில் ஃபிங்கர், அது ஒரு ஷேடோ நாவலைத் தழுவியது என்று பின்னாளில் வெளிப்படையாகச் சொன்னார். அந்த நாவல் 1936இல் மேக்ஸ்வெல் கிராண்ட் பெயரில் வந்தது, எழுதியவர் டின்ஸ்லி.

அதன் பின்னும் கிப்சனின் கை ஓயவில்லை. மேஜிக், சீட்டாட்டம், கயிற்று முடிச்சு, ஹிப்னாட்டிசம், யோகா என்று நூறுக்கும் மேற்பட்ட நூல்கள் அவர் கணக்கில் இருக்கின்றன. 1949இல் லிட்ஸ்காவை மணந்தார். அவர் தி கிரேட் ரேமண்ட் என்ற மேஜிக் நிபுணரின் மனைவியாக இருந்து கணவரை இழந்தவர், யாழ் வாசிப்பவர், மேடையில் பங்கேற்றவர். ஹூடினியின் நினைவு நாளில் அவர் ஆவியை அழைக்கும் கூட்டத்தைத் தொடர்ந்து நடத்தும் பொறுப்பை ஹூடினியின் மனைவி பெஸ் கிப்சனிடம் ஒப்படைத்திருந்தார்; போலி ஆவியுலகப் பேச்சாளர்களை வாழ்நாளெல்லாம் எதிர்த்த ஒருவருக்கான அந்தச் சடங்கைக் கிப்சன் பல ஆண்டுகள் மரியாதையோடு நடத்தினார். 1963இல் ஷேடோவைப் பற்றி ஒரு புதிய நாவல் எழுதினார். அதன் அட்டையில் அவருடைய சொந்தப் பெயர் இருந்தது.

1975இல் தொலைக்காட்சி மேஜிக் நிபுணர் மார்க் வில்சனின் பெரிய பாடநூல் வெளியானது. சீட்டைப் பிடிப்பதிலிருந்து பெரிய மேடை வித்தைகள் வரை படிப்படியாகப் படங்களோடு கற்றுத்தரும் அந்த நூல் இன்றும் தொடக்கநிலை மாணவர்களின் கையில் இருக்கிறது. ஒவ்வொரு படியிலும் பார்வையாளருக்கு என்ன தெரிகிறது, உண்மையில் கை என்ன செய்கிறது என்று தனித்தனியாக விளக்கியிருப்பார்கள். வில்சனின் பெயருக்குக் கீழே, உடனுழைத்தவராக வால்டர் கிப்சன் என்று போட்டிருக்கும். அது வெளியாகிப் பத்து ஆண்டுகளுக்குப் பின், 1985 டிசம்பர் 6 அன்று, நியூயார்க் மாநிலத்தின் கிங்ஸ்டனில், 88ஆவது வயதில் அவர் காலமானார்.